மகளின் கணக்கில் கேட்ட பாட்டுகள்

இப்போதெல்லாம் என்ன பாட்டுக் கேட்கிறீர்கள் என்று யாராவது என்னிடம் கேட்டால், மகள் கேட்கிற பாட்டைத்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவளுக்குத் தெரியாமல் கேட்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. கொழும்பில் வேலை. போன பெருநாளைக்கு வந்தபோது என் போனில் பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றைப் போட்டுத் தந்தாள். "புதுசா ஒண்டும் திறக்கத் தேவையில்ல உம்மா, என்ட கணக்கிலயே கேளுங்க" என்றாள். நாலைந்து பழைய பாட்டையும் நபியைப் புகழும் இரண்டு கஸீதாவையும் தேடி வைத்துவிட்டுப் போனாள். நான் இரண்டு நாள் கேட்டேன், பிறகு மறந்துபோனேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பேசி வந்தார்கள். நல்ல பொடியன், நல்ல குடும்பம். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அவளுக்கென்று கட்டிய மேல்மாடியில் மாபிள் கல் பதிப்பது மட்டும்தான் பாக்கி. எல்லாம் கூடி வருகிறதே என்ற அவசரத்தில் அவளைக் கேட்காமலே சம்மதம் சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்ததும் அவள் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். "மாடிக்கு ஆள் தேவையெண்டா வாடகைக்கு விடுங்க உம்மா" என்று சொல்லிப் போனை வைத்தவள், பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை. அவள் வாப்பாவுக்கு மட்டும் 'சுகம்' என்று ஒற்றைச் சொல்லில் செய்தி வரும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் படிப்பிக்கும் வகுப்பில் கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு முறை எழுதினேன். வீட்டில் சோறு அடிப்பிடித்தது. கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டு, சந்தியோடு திரும்பினேன். போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தபோதுதான் அந்தச் செயலி கண்ணில் பட்டது. உள்ளே 'கடைசியாகக் கேட்டவை' என்று ஒரு பட்டியல். அதில் ஒன்றுகூட என் பாட்டு இல்லை. எல்லாம் அவளுடையவை, அன்று காலையில் கேட்டதுவரை.

உயிர் வந்தது போலிருந்தது. அன்றிலிருந்து அவள் கேட்டதையெல்லாம் நானும் கேட்டேன். முதலில் ஒரு ஹிந்திப் பாட்டு, ஆர்மோனியத்தோடு ஒருவர் இழுத்து இழுத்துப் பாடுவது. மூன்று நாளாக அதுவே மேலே நின்றது. பிள்ளை அழுகிறாள் என்று முடிவு கட்டி நானும் அழுதேன். நாலாம் நாள் ஒற்றைக் கிட்டாரோடு ஒரு சிங்களப் பாட்டு வந்தது. அழுகை நின்று கோபம் வந்தது. யாரோ ஒருத்தன் இருக்கிறான், அதுதான் அக்கரைப்பற்று கசக்கிறது என்று எனக்குள்ளேயே வழக்கு நடத்தித் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் வந்தது தாலாட்டு மாதிரி ஒரு மலையாளப் பாட்டு. அதை வைத்து என்ன தீர்ப்புச் சொல்ல?

மகளின் வாப்பா மஃரிபு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்தவர், "மஃரிபு நேரத்தில காதுக்குள்ள என்னத்தைச் செருகிக்கொண்டு இரிக்காய்?" என்று ஏசினார். விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் கடைக்குப் போக முன்னம் வாசலில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இண்டைக்கு என்ன போட்டிரிக்காள்?" என்று கேட்டார். அதன் பிறகு தினமும் கேட்டார்.

என்னோடு படிப்பிக்கும் காரைதீவு டீச்சரிடம் ஒருநாள் இடைவேளையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவ என் போனை வாங்கிப் பார்த்தா.

"டீச்சர், பாட்டைப் போடக்குள்ள இதில ஏதும் கேள்வி வருமா?"

"ஓம், என்னவோ இங்கிலீசில வரும். நான் சரியெண்டு அமத்துவன்."

"வாசிக்கிறல்லையா?"

"பாட்டுக் கேக்கிற அவசரத்தில ஆரு வாசிக்கிற?"

அவ சிரிக்கவில்லை. "இது ஒரு கணக்கு டீச்சர். ஒரு நேரத்தில ஒரு போனிலதான் பாடும். நீங்க இஞ்ச போட்டா அங்க அவக்கு நிண்டிரும்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. காலையிலும் மாலையிலும் அவள் பஸ்ஸில் போகிற நேரம் பார்த்துத்தான் நானும் போடுவேன். இத்தனை நாளும் பிள்ளையின் காதிலிருந்து பாட்டைப் பிடுங்கியிருக்கிறேன். மாப்பிள்ளை விஷயத்திலும் அதைத்தானே செய்தேன். அங்கேயும் வாசிக்காமல் சரியென்று அழுத்தினவள் நான்தான்.

"அப்ப அவளுக்குத் தெரியும், நான்தான் எண்டு?"

"தெரியாம? கோவமெண்டா எப்பவோ பாஸ்வேர்ட்டை மாத்தியிருப்பா" என்று போனைக் கையில் தந்தா.

மறுநாள் சனிக்கிழமை. பாட்டைத் தொடுவதில்லை என்று போனை அலுமாரிக்குள் வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை. யன்னல் சீலையெல்லாம் கழற்றித் துவைத்தேன். மேல்மாடிக்கு ஏறி, பதிக்காத மாபிள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு இறங்கினேன். மதியம் லுஹர் தொழுத கையோடு போனை எடுத்து அக்கரைப்பற்றுக்கு அழைத்தேன். மாப்பிள்ளையின் உம்மாவிடம், "புள்ளையக் கேக்காம சொல்லிட்டன், பிழை என்ட பக்கம், மன்னிச்சிக்கொள்ளுங்க" என்றேன்.  அவர் "சரி, அல்லாஹ் நாடினதுதான் நடக்கும்" என்று வைத்தார். வெட்கத்தில் எனக்கு வியர்த்துப்போனது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் அடித்தது. மகள்.

"உம்மா, சுகமில்லையா?"

"சுகம்தான் புள்ள. ஏன்?"

"இண்டைக்கு முழுக்கப் பாட்டு நிக்கவே இல்ல. பயந்துபோனன்."

சொல்வதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான். "அக்கரைப்பற்றுக்கு இல்லையெண்டு சொல்லிட்டன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பஸ் வந்திட்டு உம்மா. ராவைக்கு எடுக்கிறன்" என்று வைத்தாள்.

அவள் வாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செயலியைத் திறந்தேன். அந்த மலையாளப் பாட்டு அவளிடம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் சத்தம் இல்லை. பாட்டின் பெயருக்குக் கீழே ஒரு கோடு மட்டும் மெதுவாக நகர்ந்தது. அவர் விரலை நீட்டினார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாதீங்க, அங்க நிண்டிரும்."

கோடு கடைசிவரை போய் முடியும் வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.