பின்னால் நின்று குரல் கொடுத்தவன்

லாரி கிளீனர் வேலையை விட்டுவிட்டு, சங்ககிரியிலிருந்து பள்ளிபாளையம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் கேட்க ஒரு வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே ஒரு பெரியவர் நாற்காலியில் உட்காரப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் பக்கத்தில் நின்றாள்.

"கால்ல நாற்காலி முட்டுனப்புறம் உக்காருங்கய்யா. போனதடவ முட்டாம உக்காந்துதான் இடுப்பு ஒடஞ்சுது. இன்னொருக்கா உழுந்தா படுக்கைதானுங்க."

"முப்பது வருசம் லாரி ஓட்டுனவனுக்கு ரிவர்ஸ் சொல்லித்தரயா, சாமி?"

பேச்சோடு முட்டியை மடக்கினார். நாற்காலி இன்னும் ஒரு முழம் தள்ளியிருந்தது.

"ஹோல்டான்!" என்று கத்திவிட்டேன். லாரி பின்னால் வரும்போது நிறுத்தச் சொல்லி தினமும் கத்திய கத்தல்தான்.

பெரியவர் அப்படியே நின்றார். தொடை நடுங்கியது. அந்தப் பெண் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வரட்டும்... வரட்டும்..." என்றேன். அடி அடியாக வந்தார். நாற்காலி காலில் முட்டியது.

"ஹோல்டான். இப்ப உக்காருங்க."

உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "எந்த வண்டிலடா கிளீனரு?"

"எதுலயும் இல்லீங்க. இப்பத்தான் உட்டுட்டு வாரேன்."

"நம்மூட்டுக்கு வந்துரு."

மறுநாள் காலை அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றேன். விழப்போனால் ஒழியத் தொடக்கூடாது, குரல் மட்டும் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.