ஒரு சிட்டிகை மாங்கனீசு

கோழிப் பண்ணைக்காரர்கள் படுத்துக்கொள்ளலாம்; காது மட்டும் கொட்டகையிலேயே கிடக்கும். உங்கள் வீட்டிலும் கொட்டகை இருந்தால் இந்த வியாதி தெரிந்திருக்கும். என் கணவர் துபாயில். விக்கிரமசிங்கபுரத்துக்கு வெளியே ஆயிரம் கோழி, வேலைக்குப் பேச்சி, ஒன்றேகால் வயதாகியும் நடக்காத மகள், நான். ஒருநாள் ராத்திரி, மில் சங்கு ஊதி வெகுநேரம் கழித்து, உமியில் 'சரக்... சரக்'. பாம்பு என்றே நினைத்தேன். பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு டார்ச்சோடு போனால், மூட்டு வீங்கிக் கால் கோணிய கோழிகள் தண்ணீருக்காக உடம்பை இழுத்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து வீட்டுக் கதவைத் தாழிடுவதில்லை. சத்தம் கேட்க வேண்டுமே!

மலைபோல் தீவனம்

கால்நடை டாக்டர் வந்து பார்த்து, மாங்கனீசு போதவில்லை என்றார். கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த பெயர்தான். அது கோழிக்காலைப் பிடித்து நிறுத்தும் என்று எந்த சிஸ்டரும் சொல்லவில்லை. கனிமப் பொடி வாங்கித்தானே போடுகிறோம் என்றேன். பேச்சியைக் கலந்து காட்டச் சொன்னார். அவள் மலைபோல் குவித்த தீவனத்தின் மேல் பொடியைக் கொட்டி, மண்வெட்டியால் இரண்டு புரட்டு புரட்டினாள்.

முதலில் ஒரு படி மாவில் கலந்து, அதை ஒரு கூடையில் கலந்து, பிறகுதான் குவியலில் சேர்க்க வேண்டுமாம். இல்லையென்றால் ஒரு கோழிக்கு அத்தனையும், மற்றதுக்கு ஒன்றுமில்லை. கோணின கால் நேராகுமா என்று கேட்டேன்.

"இதுகளுக்கு ஆகாதும்மா. அடுத்த குஞ்சுகளையாவது பாருங்க."

அன்று ராத்திரி மகளின் காலைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

வியாபாரி

மில் பக்கம் கறிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கோழி எடுக்க வந்தார். நொண்டிகளை ஒதுக்கிவிட்டு, என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒங்க வீட்ல எதுக்குமே கால் ஊனாதோ?"

பேச்சியின் வைத்தியம்

புதுக் குஞ்சுகளுக்குப் படி, கூடை, குவியல் என்று கலந்து போட்டோம். எல்லாம் திடமாக நின்றன. பேச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"யக்கா, பிள்ளைக்கும் ஒரு சிட்டிகை கஞ்சியில போடுங்க. கோழி நிக்குதுல்லா!"

இடுப்பு

அவளைத் திட்டிவிட்டேன். அன்று மாலையே டப்பாவைத் திறந்தேன். பொடி விரல் நுனியில். மகள் வாயைத் திறந்து காத்திருக்கிறாள். என்ன செய்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. கஞ்சியையும் கொட்டி, மூன்று முறை கை கழுவினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போனேன். பிள்ளை டாக்டரம்மா காலை மடக்கி, நீட்டி, நிறுத்திப் பார்த்துவிட்டு, பகலெல்லாம் இவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். என் இடுப்பில்தான் என்றேன். கீழே விட்டால் எச்சம், பூரான், பாம்பு.

"காலு நல்லாத்தாம்மா இருக்கு. நீங்க எறக்கி விட்டாத்தான நடப்பா?"

இப்போது கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. நடுராத்திரி விழித்து, என் இடுப்பைத் தேடாமல் வாசலைப் பார்த்துத் தள்ளாடி நடக்கிற ஒருத்திக்காகத்தான், இத்தனை மாதம் கழித்து, கதவை உள்ளே தாழிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.