வலைக்காரர் போட்ட முடிச்சு

புவாகாமுக்கு வாய் கொஞ்சம் நீளம். வியன்தியான் காலைச் சந்தையில் தையல் மெஷின் போட்டிருந்தவளை, "மூணே மூணு நாள் வாங்கக்கா" என்று பெண்கள் கால்பந்து அணியின் சட்டைகளில் எண் தைக்கக் கூட்டிப்போனார்கள். பதினோரு வருடமாகியும் அந்த மூன்று நாள் முடிந்தபாடில்லை. துவைப்பது, தேய்ப்பது, பூட்ஸ் மண்ணைத் தட்டுவது எல்லாம் அவள்தான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "இருபத்து மூணு பொண்ணுங்க நிக்கரைத் துவைக்கிறேன். இதுல புருஷன் நிக்கர் வேறயா?" என்பாள்.

ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எங்கள் பிரிவின் ஆட்டங்கள் உள்ளூரிலேயே நடந்தன. நான்கு அணிகள். முதல் ஆட்டத்தில் நம் பெண்கள் ஜெயித்தார்கள். இரண்டாவதில், கொட்டும் மழையில், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தாலே மேலே போய்விடலாம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பயத்துல பொண்ணுங்க உயிரெல்லாம் ஓடிப்போயிருக்கு. திரும்பக் கூப்பிட்டுக் கையில நூல் கட்டணும், நாளைக்கு ஆட்டத்துக்கு முன்னாடியே" என்று புவாகாம் ஒற்றைக்காலில் நின்றாள்.

"கையில கயிறு இருந்தா நடுவர் விடமாட்டாங்கக்கா" என்று மேலாளர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டா எவளுக்குத் தெரியப்போகுது?"

அவள் பேச்சுதான் எடுபட்டது. அன்று சாயங்காலமே பூக்கோபுரம், அவித்த முட்டை, ஒட்டரிசிச் சோறு என்று சடங்கு அமர்க்களப்பட்டது. சொந்தபந்தமெல்லாம் வந்து வெள்ளை நூலைக் கட்டி வாழ்த்தியது. "கோல் போடு", "கால் உடையாம வா", "நல்ல மாப்பிள்ளை அமையட்டும்."

யாரும் எதிர்பாராமல் சிங்தோங்கும் வந்தார். கேப்டன் பிம்பாவின் அப்பா. மேகாங் ஆற்றில் மீன் பிடிப்பவர். வங்கி வேலையை விட்டுவிட்டு மகள் பந்து உதைக்கப் போனதிலிருந்து மூன்று வருடமாக அவளோடு பேச்சு இல்லை. அவளும் வீட்டுப் பக்கம் போகவில்லை. வந்தவர் மகள் மணிக்கட்டில் ஒன்றைக் கட்டினார். வாழ்த்து ஒரு வார்த்தை இல்லை. ஒரு முட்டையைத் தின்றுவிட்டுப் போய்விட்டார். பிம்பா அன்றிரவு அந்தக் கையை நனைக்காமலே குளித்தாள்.

மறுநாள் மைதானத்துக்குள் போகும் வழியில், வரிசையாகச் சோதித்து வந்த நடுவரம்மா ஒரு பெண்ணின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேரென்று நூல்!

"எல்லாரும் கழட்டுங்க. கால் மணி நேரம்" என்று கத்தரிக்கோலை நீட்டினாள்.

உயிரைக் கட்டிவைத்த நூலை மூன்று நாளைக்குள் வெட்டுவதாவது! அவிழ்க்கலாம், வெட்டக்கூடாது. மேலாளர் புவாகாமைப் பார்த்த பார்வையில் சட்டை தேய்த்திருக்கலாம்.

"ஆமா, என் தப்புதான். முறைச்சா முடிச்சு அவிழாது. நகம் இருக்கிறவங்கல்லாம் வாங்க!"

மருத்துவர், பஸ் டிரைவர், சமையல்காரி என்று எல்லோரும் உட்கார்ந்து அவிழ்த்தார்கள். அவிழ்ந்ததையெல்லாம் புவாகாம் தன் கையிலேயே சுற்றிக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு முடிச்சு மிஞ்சியது. பிம்பாவின் கையில் இருந்தது.

அது நூலே இல்லை, வலை பின்னும் நைலான். நகம் தோற்றது, கொண்டை ஊசி வளைந்தது, புவாகாமின் கட்டுப்பல் ஆட்டம் கண்டது. "அடப்பாவி மனுஷா! மீனுக்குப் போடுற முடிச்சைப் பெத்த பொண்ணுக்குப் போட்டிருக்கானே!"

இன்னும் ஐந்து நிமிடம். மேலாளர் கத்தரிக்கோலை எடுத்தார். பிம்பா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"மூணு வருஷம் கழிச்சு அப்பா கட்டினது. வெட்டினா நான் ஆட மாட்டேன்."

"நீ ஆடலேன்னா நாம தோத்தோம், புள்ள!" என்று மேலாளர் பதறினார்.

புவாகாம் பிடித்த பிடிவாதத்தால் வந்த வினை. கட்டினவன் வேடிக்கை பார்க்காமலா இருப்பான் என்ற ஒரே நம்பிக்கையில் வெளியே ஓடி, சந்தையில் பழகிய தொண்டையைத் திறந்தாள்.

"சிங்தோங்! யோவ், சிங்தோங்!"

மூன்றாவது வரிசையில் ஒரு மனிதர் திருட்டு முழியோடு எழுந்தார்.

புவாகாம் தண்ணீர் தூக்குபவர்களின் பச்சை மேலாடையை அவர் தலைவழியாக மாட்டி இழுத்து வந்தாள். காவலாளி மறித்தான். "யாரு இது?"

"தண்ணி தூக்குறவரு. சட்டை தெரியல? கண்ணைத் துடை!"

சிங்தோங் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சைக் கட்டை விரலால் அமுக்கி, ஒரு தள்ளுத் தள்ளினார். அவிழ்ந்துவிட்டது. குனிந்தபடியே சொன்னார்:

"எதிரணி எட்டாம் நம்பர் கடைசி நேரத்துல பந்தை இடது காலுக்கு மாத்துவா. முந்தியே போய் நில்லு. போன ஆட்டத்துல இதே மாதிரி ஒருத்தி மாத்தினப்போ நீ லேட்டு."

"போன ஆட்டமா? அந்த மழையிலயா வந்தீங்க?"

"எல்லா ஆட்டத்துக்கும்தான் வர்றேன். போ, விசில் அடிக்கப்போறாங்க."

பிம்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். எண்பத்தெட்டாம் நிமிடத்தில் எட்டாம் நம்பர்காரி இடது காலுக்கு மாற்றியபோது, அவளுக்கு முன்பே பிம்பா அங்கே நின்றிருந்தாள். கோல் இல்லாமல் சமன். மேலே போய்விட்டார்கள்.

கூச்சலுக்கு நடுவே அவள் நேராக அப்பாவிடம் வந்து கையை நீட்டினாள். அவர் அதே நைலானை எடுத்தார்.

"இந்தத் தடவையாவது வாயைத் திறந்து கட்டுய்யா!" என்றாள் புவாகாம்.

அவர் தொண்டையைக் கனைத்தார். முடிச்சை இரண்டு தரம் இறுக்கினார்.

"வீட்டுக்கு வா, புள்ள."

புவாகாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மற்ற பெண்களைக் கூப்பிட்டாள். "யாரோட நூல் எதுன்னு தெரியலடி. எதுவா இருந்தா என்ன, வரிசையா வந்து நில்லுங்க!"

அடுத்த சுற்றுக்கான உடுப்புப் பட்டியலில் ஒரு பச்சை மேலாடையைக் கூடுதலாக எழுதிவைத்திருக்கிறாள். மேலாளர் ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.