மாத்திரை அட்டையில் அக்கா கலந்த நிறம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். இப்படிப்பட்ட புத்தகத்தில் போனவரைப் பற்றி இனிக்க இனிக்க எழுதுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எழுதிக் கிழித்ததுதான் மிச்சம். இந்த ஒரு வருடமாக என் மனதில் துக்கத்தைவிட அருவருப்புதான் அதிகம். அதை மறைத்துவிட்டு எழுதினால் அக்காவே சிரிப்பார். யாருக்காவது சுருக்கென்று தைத்தால், தைக்கட்டும்.

அக்கா பிறந்தது சோழவந்தானில். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். வீட்டில் மூத்தவர் அக்கா, இளையவள் நான். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, தெருமுனை தாண்டியதும் தரகரிடம், “பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மி” என்று சொல்லி அனுப்பினார்கள். இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. வந்தவர்களில் ஒருவர்கூட எங்களைவிடச் சிவப்பு இல்லை. மதுரை காளவாசலில் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்த அத்தான் மட்டும், “எனக்குப் பிடிச்சிருக்கு, தேதியைப் பாருங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அத்தானிடம் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

கல்யாணம் ஆகிக் காளவாசல் வந்த பிறகுதான் அக்காவுக்குப் பொம்மைப் பைத்தியம் பிடித்தது. ஆரத்தித் தட்டில் குட்டிக் குட்டிப் பொம்மைகளை வைப்பது இப்போது எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. சுண்டுவிரல் உயரத்தில் மாப்பிள்ளை, பொண்ணு, நாதஸ்வரக்காரர், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். கடையில் கிடைக்கிற பொம்மை அத்தனைக்கும் ஒரே ரோஸ் முகம். “இந்தக் கல்யாணம் எந்த ஊருல நடக்குது?” என்று கேட்டு, அக்கா அவற்றுக்கு மறுபடியும் வர்ணம் பூச ஆரம்பித்தார். பிறகு போட்டோ பார்த்து அதே முகஜாடையில் செய்துகொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார்.

அக்கா வேலை செய்கிற அழகை நான் புகழ மாட்டேன். சகிக்காது. சாப்பாட்டு மேசையில் பாதி அவருடையது. அத்தான் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளில் ஒவ்வொரு குழியிலும் ஒரு வர்ணம். இருமல் மருந்து மூடியின் மேல் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வைத்துப் பொம்மையை நிறுத்தி, மூடியைப் பிடித்துக்கொண்டுதான் பூசுவார். விரலின் எண்ணெய் பட்டால் வர்ணம் பிடிக்காதாம். கண்ணெழுத ஊதுபத்திக் குச்சியைச் சீவி வைத்திருப்பார். பிரிந்துபோன பிரஷ் முடியை நகவெட்டியால் வெட்டுவார், அதே நகவெட்டியால் அத்தான் நகமும் வெட்டுவார். பூசியதைக் காயவைக்க டிவியின் செட்டாப் பாக்ஸ் மேல் வரிசையாக நிறுத்துவார், அங்கே எப்போதும் சூடு இருக்கும் என்று. என் பழைய டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்சை விரித்து, அதன்மேல் கேக்குக்கு அடியில் வைக்கும் பேக்கரிக் காகிதத்தைப் போட்டு அதில் கலவை வைத்தால் மறுநாள்வரை காயாது. அந்த டிபன் பாக்ஸில் நான் பிறகு சோறு கட்டவே இல்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். பிரஷ்ஷை வாயில் வைத்து நுனியைக் கூராக்குவார் பாருங்கள், அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. உதட்டோரம் எப்போதும் ஒரு பச்சையோ நீலமோ.

“ச்சீ, துப்புக்கா. பாக்கவே வயித்தப் பெரட்டுது.”

“தண்ணியில நனைச்சா முடி ஒன்னு சேராதுடி. எச்சி பட்டாத்தான் சேரும். நீ வேணா அங்கிட்டு திரும்பிக்க.”

அங்கிட்டுத் திரும்பினால் கலங்கிய பிரஷ் தண்ணீர் டம்ளரும் காபி டம்ளரும் ஒன்றாக நிற்கும். அத்தான் ஒருமுறை எதைக் குடித்தார் என்பதை அவரே வந்து உங்களிடம் சொல்வார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது, வாயில் பெயிண்ட் போனதால் வந்த வினை என்று பேசியவர்களும் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், என் காதில் விழும்படியே பேசினீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில் காரணம் தேடித் தின்றவர்களுக்கு இதைத் தெரியப்படுத்துகிறேன்.

முகத்துக்கு நிறம் கலப்பதில் அக்காவுக்கு ஒரு முறை உண்டு. கலவையில் ஒரு பொட்டு எடுத்து, யாருக்கான பொம்மையோ அவர் மணிக்கட்டின் மேல் வைப்பார். பொட்டு கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் சரியாகவில்லை. தோலோடு தோலாகக் காணாமல் போனால் அதுதான் நிறம். நேரில் வர முடியாதவர்களிடம், “வாசல்ல வெளிச்சத்துல நின்னு எடுத்து அனுப்புங்க, போன்ல அழகாக்குறதெல்லாம் வேணாம்” என்பார்.

சிம்மக்கல்லில் மொத்தக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். அக்கா பெண்ணின் கையில் பொட்டு வைத்தார். காணாமல் போனது. அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

“என்னக்கா, இம்புட்டு கருப்பாவா வப்பீக? சபையில மாப்ள வீட்டாளுக எல்லாம் பாப்பாங்கல்ல. கொஞ்சம் கலரத் தூக்கி வையுங்க.”

“வச்சிரலாம்மா. அப்ப மணமேடைக்கு வேற பொண்ணக் கூட்டிட்டு வந்துருங்க.”

அந்த அம்மா பெண்ணை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். பெற்ற மகளின் கையை வெளியே வைத்தே துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துவிட்டுக் கூட்டிப்போனார், ஏதோ அசிங்கம் ஒட்டிக்கொண்ட மாதிரி. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிரஷ்ஷை நக்குவதைப் பார்த்து வராத வாந்தி எனக்கு அன்றைக்கு வந்தது.

வெளியாட்களை மட்டும் சொல்லி என்ன. பெரிய மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அக்கா ஆசையாசையாகச் செய்துகொடுத்தார். கல்யாணப் பெண்ணான மாமா மகளின் மூக்குத்தியைக்கூட ஊக்கு முனையால் வைத்திருந்தார். மண்டபத்தில் தட்டை அக்கா கையில் கொடுக்கும்போது பார்த்தால், பொண்ணு பொம்மை இருந்த இடத்தில் கடையில் வாங்கிய ரோஸ் பொம்மை. மாப்பிள்ளையை மட்டும் மாற்றவில்லை, ஆணுக்கு எந்த நிறமும் குறையில்லை போலும். அக்கா அந்தத் தட்டாலேயே ஆரத்தி சுற்றிவிட்டு வந்து பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் செய்த பொம்மை எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதார்.

பிறகு நோய் வந்தது. விரல் நடுங்கத் தொடங்கியபோது இரண்டு கையையும் மேசை விளிம்பில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு பூசினார். அதுவும் முடியாமல் போனபோது பிரஷ்களைக் கழுவித் தன் மகளிடம் கொடுத்துவிட்டார். கடைசி வாரம் வலி அதிகம். அதை விவரித்து எழுத எனக்கு மனமில்லை.

இறந்த அன்று தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். அதில் இருந்தது யார் என்று எனக்கே தெரியவில்லை. மாவு பூசிய மாதிரி வெள்ளை முகம், சிவந்த உதடு. அக்காவோடு பள்ளியில் படித்த சிநேகிதி சோழவந்தானிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தப் பேனரில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, இது வேறு யார் வீட்டுச் சாவோ என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். விசாரித்துத் திரும்பி வருவதற்குள் அக்காவை எடுத்துவிட்டோம். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வந்தவருக்கு முகம் கிடைக்கவில்லை. வாசலில் நின்று அவர் அழுத அழுகையை நீங்களும் பார்த்தீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த மலரின் அட்டை அச்சாகி வந்தபோது அதே வெள்ளை முகம். நான் கொடுத்த படத்தை வாங்கிப்போய் அட்டையை ஏற்பாடு செய்தவர் பெரிய மாமா. போன் போட்டுக் கேட்டேன்.

“ஏன் மாமா, நான் குடுத்த படம் என்னாச்சு?”

“டிசைன் போடுறவருக்கிட்ட நாந்தான்த்தா சொன்னேன். செத்த பிறகாவது கலரா இருந்துட்டுப் போகட்டுமே.”

போனை வைத்துவிட்டு வாய் கொப்பளித்தேன்.

உள்பக்கங்கள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அதனால் இதை எழுத இடம் கிடைத்தது. அட்டைகள் கட்டுக்கட்டாகத் தயாராகிவிட்டன. நானும் அக்காவின் மகளும் அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி உட்கார்ந்தோம். எனக்கும் அக்காவுக்கும் ஒரே நிறம் என்பதால் என் கையில் வைத்துப் பார்த்தே கலந்தோம். ஒவ்வோர் அட்டையிலும் முகத்துக்கு மட்டும், கண்ணை விட்டுவிட்டு, மெல்லிசாகப் பூசினோம். எங்களுக்கு அக்காவின் கை வராது. சிலவற்றில் காதோரம் வழிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ எடுத்து வந்த காளவாசல் ஸ்டாண்ட் அண்ணன்மாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரிய மாமாவுக்கும் நன்றி. அக்காவுக்கு ஏற்ற வேண்டிய ரத்தத்துக்கு அலைந்தவர் அவர்தான், அதை மறைத்தால் நான் மனுஷியில்லை. அதற்காக அட்டையை மன்னிக்கவும் மாட்டேன்.

உங்கள் கையில் இருக்கும் அட்டையில் அக்காவின் முகத்தைத் தடவிப் பாருங்கள், லேசாகச் சொரசொரக்கும். நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்துவிடும். சுரண்டாதீர்கள். அடியில் இருப்பது எங்கள் அக்கா அல்ல.