வால்பாறை பஸ்ஸில் ஒரு மடக்குக்கத்தி

சினிமாவில் வில்லன் மடக்குக்கத்தியை விரித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். எனக்கு அவமானமாக இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். டீச்சர் வேலையில் சேர வால்பாறைக்குப் போவதை, டிக்கெட் வாங்கும்போதே கண்டக்டரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். மலை வளைவுகளில் குமட்டியது. வாயைப் பொத்தியபடி நிமிர்ந்தால், பக்கத்து வரிசை மீசைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே இடுப்பிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்து விரித்தார். எத்தனை படங்களில் பார்த்த காட்சி! "ஐயோ, கத்தி!" என்று அலறினேன்.

கண்டக்டர் விசிலடித்துப் பஸ்ஸை நிறுத்தினார்.

"அம்மணிக்குக் கொமட்டுதேன்னு எலுமிச்சம்பழம் அறுக்கத்தானுங்க எடுத்தேன்" என்றார் மீசைக்காரர்.

"அப்ப டீச்சரம்மா பொய்யா சொல்றாங்க? சினிமா வில்லனாட்ட கத்திய நீட்டிப்போட்டு கதை சொல்றீங்களா? எறங்குங்க!"

இறங்கியவர் சுற்றி வந்து, என் ஜன்னலில் பழத்தை நீட்டினார். "மோந்துக்க கண்ணு, நின்னுபோயிரும்."

அவர் சொன்னது உண்மை என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னால், படித்த நான் தவறாக நினைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் கிளம்பியது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அவர் தனியாக நடக்கத் தொடங்கினார்.

அவர் தந்த பழத்தை முகர்ந்தேன்; குமட்டல் நின்றது. கத்தியைக் கண்டு பயந்ததற்கு என்னை மன்னித்துக்கொள்ள முடிகிறது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு இன்னும் முடியவில்லை.