என் வயிற்றில் ஒட்டிய மைட்டோகாண்ட்ரியா

வயிற்றின் மேல் 'மைட்டோகாண்ட்ரியா' என்று எழுதி ஒட்டிக்கொண்டு என்றைக்காவது படுத்திருக்கிறீர்களா? நான் படுத்திருக்கிறேன். அதற்கான பலன் நேற்று சாயந்திரம்தான் கிடைத்தது.

சில மாதங்களுக்கு முன் இரண்டு வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று விசாரித்தீர்களே... பித்தப்பையில் கல். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பையையே எடுத்துவிட்டார்கள். மூலக்குளம் வீட்டுக்குத் திரும்பியபோது என் உடம்பின் மேலேயே எனக்குக் கோபம். இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்ததற்கு இதுதானா மரியாதை?

கணவர் ஆபீஸ் போய்விடுவார். மாடி வீட்டு அஞ்சலைதான் தினமும் வருவாள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்ததும், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் ரசம் சாதத்தோடு வந்து நிற்பாள். வயது முப்பத்தாறு. பத்தாவது பாஸ் செய்தால்தான் வேலை நிரந்தரம். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். அறிவியல் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இந்தத் தடவையும் போனால் அவ்வளவுதான் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சும்மாதானே படுத்திருக்கிறோம், சொல்லிக்கொடுப்போமே என்று ஆரம்பித்தேன். செல்லின் பாகங்களை மனித உடலோடு ஒப்பிடும் பாடம். எடுத்த எடுப்பிலேயே, "அதெல்லாம் எதுக்கு? செல்லுன்னா உங்க கம்பெனி மாதிரின்னு வச்சுக்கோ" என்றேன்.

"அது எப்பிடிக்கா? நான் ஒரு நாள் போவலன்னா வேற ஆள நிறுத்திடுவாங்க. உடம்புல அப்பிடி நிறுத்த முடியுமா?"

கம்பெனியை விட்டுவிட்டு உடம்புக்கே வந்தேன்.

அவளுக்குப் படித்தால் நிற்காது, தொட்டால்தான் நிற்கும். நாள் முழுக்கப் பெட்டிக்குப் பெட்டி லேபிள் ஒட்டுகிற கையாயிற்றே! துண்டுக் காகிதங்களில் பெயர்களை எழுதினாள். என் காயத்துக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்திரியைக் கிழித்தாள். "அசையாம படுங்கக்கா" என்று என் மேலேயே ஒட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நெற்றியில் உட்கரு — மூளை மாதிரி எல்லாவற்றையும் நடத்துவது. கையில் செல் சவ்வு — அதுதான் தோல். இடுப்பில் லைசோசோம் — கழிவைக் கவனிக்கிற சிறுநீரகம். மைட்டோகாண்ட்ரியாவை நெஞ்சில் ஒட்டச் சொன்னேன். "இதயம்தான், சந்தேகமே வேண்டாம்."

"சாப்பாட்ட சக்தியா மாத்துறதுன்னுல்ல புக்குல போட்டிருக்கு? இதயமா சோறு துன்னுது?"

துண்டு வயிற்றுக்குப் போயிற்று. முழுக்கச் சரியில்லைதான்... ஆனால் நான் சொன்னதற்கு அது எவ்வளவோ தேவலை.

அந்த நேரம் பார்த்துக் கணவர் உள்ளே வந்தார். தலை முதல் இடுப்பு வரை லேபிளோடு கிடந்த என்னைப் பார்த்து, "பார்சல் எந்த ஊருக்கும்மா போவுது?" என்று கேட்டார். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு பை போனதற்கு இவ்வளவு புலம்பினேனே, மிச்சமெல்லாம் என்னைக் கேட்காமலே வேலை செய்துகொண்டிருக்கின்றனவே என்று அப்போதுதான் உறைத்தது.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. அஞ்சலை கண்ணை மூடி நெற்றியைத் தொட்டாள், எழுதினாள். கையைத் தொட்டாள், எழுதினாள். இடுப்புக்குக் கை போனதும் மேற்பார்வைக்கு வந்த மேடம் ஓடி வந்து விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"இடுப்புல என்ன பிட்டா? எழுந்திரு!"

"பிட்டு இல்ல மேடம்... லைசோசோம்!"

வராந்தாவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஒன்றும் இல்லை. அஞ்சலை அழுதுகொண்டே தன் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பாடம் முழுவதையும் ஒப்பித்திருக்கிறாள். மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, "கைய மேஜை மேல வச்சுக்கிட்டு எழுதும்மா" என்றாராம்.

நேற்று சாயந்திரம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அஞ்சலை. கையில் போன், கண் நிறையத் தண்ணீர். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்தேன்.

"பாஸுக்கா! இனிமே என்ன யாரும் நிறுத்த முடியாது!"

கட்டிக்கொண்டு இருவரும் அழுதோம். அவள் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நீ மட்டும் அன்னிக்கு வரலைன்னா நான் என்ன ஆயிருப்பேன், அஞ்சலை..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அத வுடுங்கக்கா. மைட்டோகாண்ட்ரியாவுக்கு மத்தியானம் எதனா போட்டீங்களா?"