கலாமணி சிஸ்டர் விட்டு வைத்த ஒன்பதாவது வரி

கலாமணி சிஸ்டர் போய்விட்டார். இன்று காலை சேலம் அம்மாபேட்டையில் தன் வீட்டு வாசலில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவர்... அப்படியே சரிந்துவிட்டாராம்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எனக்கு எழுபத்து மூன்று. இது நியாயமே இல்லை. யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

சேந்தமங்கலத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஒரு விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

என் மகன் செந்திலைச் சிலருக்குத் தெரியும். முப்பத்தாறு வயது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போதவில்லை. நடக்க மாட்டான், பேச மாட்டான். ஒரு வாய் விழுங்குவதே அவனுக்குப் பெரிய வேலை.

நாலு வருடம் முன்பு அவன் அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும், செவ்வாய்க்கிழமைதோறும் சேலத்திலிருந்து பஸ் ஏறி வரும் நர்ஸ் கலாமணியும்.

இன்றைக்கு நான் மட்டும்.

நான் லாரி பாடி பட்டறையில் வெல்டிங் அடித்தவன். நாலாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, மீதியை நானே படித்துக்கொண்டேன். என் பையனைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று பார்த்த டாக்டர் எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன்.

சிஸ்டர் மட்டும்தான் வந்த முதல் நாளே என்னிடம் கேட்டார். "ஏனுங்கண்ணா, சாமிக்கு எந்தப் பக்கம் சாஞ்சா சவுரியமுங்க?" செந்திலை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வருடம் முன்பு அவர் ஸ்காட்லாந்துக்குத் தனியாகக் கிளம்பினார். செந்தில் போன்றவர்களை அங்கே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கூடவே வேலை செய்து கற்றுக்கொண்டு வர. இரண்டு மாதம். அதுவரை விமானத்தைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை.

"பயமா இருக்குதுங்கண்ணா."

"அப்பறம் எதுக்கு அம்மிணி போற? அந்த ஊர்க்காரன் வந்து நம்ம செந்திலுக்கு ஊட்டப் போறானாக்கும்?"

"அவங்க எப்படி ஊட்டறாங்கன்னு பாத்துட்டு வாரேனுங்க. நீங்க வாய மூடிட்டு என்ன வழியனுப்புங்க."

அங்கிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். எனக்கு இன்னும் மனப்பாடம்.

"அண்ணா, இங்க ஒருத்தரு அச்சு அசலா நம்ம சாமியாட்டமே இருக்காருங்க. அவருக்குன்னு தனி ஊடு. ஆளு மாத்தி ஆளு வந்து பாத்துக்கறாங்க. அப்பா அம்மா எங்கன்னு கேட்டேனுங்க. செத்துப் பதினோரு வருசமாச்சுங்களாம். அவரு பாட்டுக்குக் காபி குடிச்சிட்டு இருக்காருங்கண்ணா!"

சந்தோஷமாகத்தான் சொன்னார். என் காதில், நான் செத்த பிறகு செந்தில் என்றுதான் விழுந்தது. மூன்று வாரம் பதில் போடவில்லை.

திரும்பி வந்தபோது ஒரு காகிதத்தோடு வந்தார். அங்கே ஒவ்வொருவர் கட்டிலுக்கு மேலும் அப்படி ஒன்று தொங்குமாம். படுத்திருப்பவரே பேசுவது போல எழுதியிருக்குமாம். புதிதாக வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

"நீங்க சொல்லுங்கண்ணா, நான் எழுதறேன்."

"எதுக்கு? நான் என்ன நாளைக்கே சாகப் போறனா?"

"உங்க வாய்க்கு எமனே கிட்ட வரமாட்டானுங்க. ஒரு கல்யாணம் காச்சிக்குப் போகோணுமுன்னா?"

"போக மாட்டேன்."

போகவும் இல்லை.

நான் சொல்லாவிட்டால் என்ன... செவ்வாய்தோறும் நான் ஊட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவரே எழுதினார். "கரண்டி என் கீழுதட்டைத் தொடட்டும். நானே வாயைத் திறப்பேன். அதுவரை பொறுங்கள்." "எனக்கு இருமல் வந்தால் தண்ணீர் கொடுக்காதீர்கள். முன்னால் சாய்த்துப் பிடியுங்கள்." இப்படி எட்டு வரி.

ஒன்பதாவது வரி, "எனக்குப் பயம் வந்தால்..." அதோடு பேனாவை மூடிவிட்டார்.

"இது உங்களுக்குத்தான் தெரியுமுங்கண்ணா. நீங்களே எழுதுங்க."

எழுதவில்லை.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். எனக்குப் பிறகு செந்திலுக்கு சிஸ்டர் இருப்பார் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், அது போதும் என்றிருந்தேன். அவரே இருக்கும்போது காகிதம் எதற்கு?

காலையில் செய்தி வந்ததும் சிஸ்டர் முகத்தை ஒரு தடவை பார்க்காமல் முடியாது என்று தோன்றியது. பக்கத்து வீட்டு ஈஸ்வரியைக் கூப்பிட்டேன். நாலு வருடத்தில் முதல் தடவையாக, சிஸ்டரைத் தவிர இன்னொருவர் கையில் கரண்டியைக் கொடுத்தேன். காகிதத்தையும்.

அந்தப் பெண் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். "மாமா, கடசி வரி காலியா இருக்குதுங்களே. பயந்துக்கிட்டா என்னங்க பண்றது?"

செருப்பு மாட்டிய காலோடு நின்று எழுதினேன்.

"என் இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவும் பேசாதீர்கள். நான் விட்ட பிறகு விடுங்கள்."

எழுதி முடிக்கும்வரை செந்தில் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஒரு மணிக்குச் சோறு. இப்போது மணி ஒன்றே கால். ராசிபுரம் தாண்டியாயிற்று. போன் அடிக்கவில்லை. அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. நான் கூப்பிட்டால் ஈஸ்வரி பாதியில் கரண்டியை வைத்துவிட்டு எடுப்பாளோ என்று... கூப்பிடவும் பயம்.

மல்லூர் வந்துவிட்டது. சேலம் இனி பக்கம்தான்.

வாரேன் அம்மிணி.